கொடியில் காயும் சட்டை

ஏரி வீடு,
மார்ச் 9

அண்ணிக்கு,

நேற்று மதியம் வந்து சேர்ந்தேன். வீடு நன்றாக இருக்கிறது. கூரை ஒழுகவில்லை, பம்பு ஓடுகிறது, சமையலறையில் எறும்பு இல்லை. ஆளுக்கு இரண்டு மாதம் என்று நாம் முறை வைத்துக்கொண்டதிலிருந்து நீங்கள் வீட்டை விட்டுப் போகிற விதத்தில் நான் குறை கண்டதில்லை.

போன் செய்யாமல் எழுதுவதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். போனில் பேசினால் நலம் விசாரித்து முடிப்பதற்குள் நமக்குள் சத்தம் உயர்ந்துவிடுகிறது. அண்ணன் இறந்த பிறகு நாம் பேசியதெல்லாம் அப்படித்தான் முடிந்திருக்கிறது. தவிர, எரிந்த கிடங்குகளையும் கவிழ்ந்த லாரிகளையும் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதியே பழகிவிட்டேன். எனக்கு எதுவும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கேட்க வேண்டியது ஒன்றுதான். பிப்ரவரியில் உங்களோடு யாராவது தங்கியிருந்தார்களா?

பின்வாசல் பெஞ்சுக்கு அடியில் ஒரு ஜோடி ஆண் ஷூ கிடக்கிறது. அண்ணனுடையது அல்ல, அண்ணன் கால் சின்னது. குளியலறையில் நுரை காய்ந்த சவரப் பிரஷ். வராண்டாவில் ஒரு சாஸரில் பாதி பிடித்து நசுக்கிய சிகரெட். பக்கத்துப் படகுப் பட்டறை மெக்கானிக்கிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன்.

“போன மாசம் ஒரு ஆளு இருந்தாரே. கொடியில சட்டை காயும். நல்ல நெட்டை போல,” என்றார்.

முகத்தைப் பார்த்தீர்களா என்றேன்.

“முகத்த எங்க பாத்தேன். சட்டையத்தான் பாத்தேன்.”

அப்பாவின் உயில் உங்களுக்கும் மனப்பாடம், எனக்கும் மனப்பாடம். வீட்டில் பாதி எனக்கு. அண்ணனின் பாதி உங்களுக்கு, நீங்கள் மறுமணம் செய்துகொள்ளாத வரை. செய்துகொண்டால் அதுவும் எனக்கு. அப்படி ஒரு ஷரத்தைப் போடச் சொல்லி நான் அப்பாவிடம் கேட்கவில்லை. ஆனால் அது இருக்கிறது.

பதில் எழுதுங்கள்.

குட்டி


மார்ச் 17

குட்டிக்கு,

உன் கடிதத்தை எங்கள் நாடகக் கம்பெனியின் ஒத்திகைக் கூடத்தில் வைத்துப் பிரித்தேன். ஒரு சிம்மாசனத்துக்குப் பொன்வர்ணம் அடித்துக்கொண்டிருந்தேன். படித்து முடித்தபோது ஒரே கைப்பிடிக்கு இரண்டு பூச்சு அடித்திருந்தேன், மற்றது வெறும் மரமாக நின்றது. டைரக்டர் பார்த்துவிட்டு, “என்னக்கா, ராஜா ஒரு பக்கமாத்தான் உக்காரப் போறாரா?” என்று கேட்டார்.

என் முறையில் யார் வந்தார், யார் போனார் என்று நான் உன்னிடம் ஒப்பிக்க வேண்டுமா? உன் வீட்டுக்காரரின் சீட்டாட்டக் கூட்டாளிகள் உன் முறையில் வந்து சோபாவில் பொத்தல் போட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் யார், என்ன வயது என்று நான் கேட்டேனா? ஒரு துணியை விரித்து மூடிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

நீ ஒன்று கேட்டாய். நானும் ஒன்று கேட்கிறேன்.

ஜனவரியில் நான் வராண்டாவில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஆள் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஜன்னல்களை விரல் நீட்டி எண்ணினார். மோதிர விரலை மடக்கிச் சுவரைத் தட்டித் தட்டிக் காது கொடுத்தார். போனில் படம் எடுத்தார். என்னைக் கண்டதும் ஒரு சிரிப்பு.

“தனியாவா இருக்கீங்க?”

“யாரு வேணும் உங்களுக்கு?”

“யாரும் வேணாம்மா. வீடு மாறி வந்துட்டேன்.”

வீடு மாறி வந்தவர் எதற்காக ஜன்னலை எண்ண வேண்டும்? கேட்டுக்கு வெளியே போய்க் கொக்கியைப் போட்டுவிட்டு, “தனியாத்தான் இருக்கீங்க போல,” என்று மறுபடியும் சொன்னார். இரண்டாவது தடவை அது கேள்வியாக இல்லை.

அவரை அனுப்பியது யார், குட்டி?

உன் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை என்பது எனக்கும் தெரிகிறது. என் கேள்விக்கு நீ சொல், பார்க்கலாம்.

அண்ணி


மார்ச் 28

அண்ணிக்கு,

நான் யாரையும் அனுப்பவில்லை. ஏரியைப் பார்க்க வருகிறவர்கள் இப்படி எட்டிப் பார்ப்பது உண்டு. அதை விடுங்கள்.

என் தொழிலில், பதில் சொல்லாதவர்களை நாங்கள் வற்புறுத்துவதில்லை. பொருள்களிடம் கேட்போம். கேட்டேன்.

உங்களோடு தங்கியவர் உயரமானவர், ஷூவின் அளவு அப்படி. இடது குதிகால் வெளிப்பக்கம் தேய்ந்திருக்கிறது, அந்தக் காலை இழுத்து நடக்கிறார். சிகரெட்டைப் பாதியில் நசுக்குகிறார், டாக்டர் விடச் சொல்லியிருக்க வேண்டும். சவரப் பிரஷ் பேசினுக்கு இடப்பக்கம் இருக்கிறது, ஆகவே இடதுகைக்காரர். செய்தித்தாளை விளையாட்டுப் பக்கம் மேலே தெரிய மடித்துப் போட்டிருக்கிறார். நாட்டு நடப்பில் அக்கறை இல்லாதவர். ஜன்னலோர நாற்காலியில் இடுப்புக்கு ஒரு சின்னத் தலையணை. முதுகுவலி. வயது அறுபதை ஒட்டி இருக்கும்.

இதை என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். “ஆளு கிடைச்சாச்சு. கல்யாணம் ஆயிருச்சா இல்லையாங்கறது மட்டும்தான் பாக்கி,” என்றார். வக்கீலைப் பார் என்கிறார். இன்னும் பார்க்கவில்லை.

எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் இல்லை. அண்ணன் உட்கார்ந்த ஜன்னலில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார், அதை எனக்குப் படகு மெக்கானிக் சொல்ல வேண்டியிருக்கிறது. கோபம் அதில்தான்.

குட்டி


ஏப்ரல் 6

குட்டிக்கு,

நீ வர்ணித்த ஆளை எனக்கே பிடித்துப்போய்விட்டது. முதுகுவலியை மட்டும் அவரிடமிருந்து எடுத்துவிடு, பாவம்.

ஒன்று கவனித்தேன். என் வாசலில் கிடந்த ஷூவுக்கு நீ ஒரு பத்தி எழுதினாய். என் வாசலுக்குள் நுழைந்து ‘தனியாவா’ என்று கேட்ட ஆளுக்கு ஒரு வரி எழுதி, ‘அதை விடுங்கள்’ என்று முடித்துவிட்டாய். குதிகால் தேய்மானம் வரை துருவுகிற உனக்கு அந்த ஆளைப் பற்றி மட்டும் ஏன் ஒன்றும் தெரிந்துகொள்ள வேண்டாம்? ஏற்கெனவே தெரிந்திருந்தால்தானே தெரிந்துகொள்ள வேண்டாம்.

அதனால் நான் உன்னிடம் எதுவும் சொல்வதாக இல்லை. நான் யாரோடு இருக்கிறேன் என்பதையும், யாரும் இல்லாமல் இருக்கிறேனா என்பதையும். உன்னிடம் சொன்னால் அது அந்த ஆளின் காதுக்குப் போய்ச் சேராது என்று எனக்கு என்ன நிச்சயம்?

மே, ஜூன் என் முறை. வருவேன்.

அண்ணி


ஜூன் 3

அண்ணிக்கு,

நேற்று ஏரி வீட்டுக்கு வந்திருந்தேன். உங்கள் முறையில் வரக்கூடாது என்று தெரிந்தேதான் வந்தேன்.

படகுப் பட்டறை மூடியிருந்தது. அதன் பின்வேலி ஓரத்திலிருந்து வராண்டா நன்றாகத் தெரிகிறது. வெகுநேரம் நின்றேன். அந்த நெட்டை ஆள் வரவில்லை. நீங்கள் வந்தீர்கள். ஷூவைக் குழாயடியில் நனைத்தீர்கள். அடியில் சேறு அப்பினீர்கள். படியில் ஒருவர் அவசரமாகக் கழற்றிப் போட்ட மாதிரி ஒன்றை நேராகவும் ஒன்றைச் சாய்த்தும் வைத்தீர்கள். கேட் வரை போய் நின்று பார்த்துவிட்டு, திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் சாய்த்தீர்கள். சிகரெட்டைப் பற்றவைத்தீர்கள். இருமினீர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைப் பாதியில் நசுக்கினீர்கள். அழுக்கே இல்லாத ஒரு பெரிய சட்டையை நனைத்துப் பிழிந்து கொடியில் போட்டீர்கள். கடைசியில், ஆளில்லாத அறையைப் பார்த்து, “டீ ஆறுது, வாங்க,” என்று உரக்கச் சொன்னீர்கள்.

இது எனக்குப் பழக்கமான காட்சி. திருடே நடக்காத கடையில் பூட்டை உடைத்து வைப்பார்கள். காலியாக இருந்த கிடங்கில் சரக்கு எரிந்த மாதிரிச் சாம்பலைக் கொட்டுவார்கள். ஜோடிக்கிறவர்கள் காரணமில்லாமல் ஜோடிப்பதில்லை.

நான் நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். உண்மையான ஆள் வேறு எங்கோ இருக்கிறார். இந்தப் பொய் ஆளின் பின்னால் என்னை ஓடவிட்டு, நான் மூச்சு வாங்கி நிற்கும்போது ‘பார், யாருமே இல்லை’ என்று காட்டப் போகிறீர்கள். அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

வக்கீலைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன்.

குட்டி


ஜூன் 12

குட்டிக்கு,

வேலி ஓரம் நின்றது நீதானா? இலை அசைந்தது, நாய் என்று நினைத்தேன். அவ்வளவு தூரம் வந்தவள் உள்ளே வந்து அந்த டீயையாவது குடித்திருக்கலாம்.

சரி, கேள். உன் மூளை எவ்வளவு கோணலாகப் போகும் என்று பார்த்த பிறகு, பேசாமல் இருப்பதைவிடச் சொல்லிவிடுவதே எனக்குப் பாதுகாப்பு என்று தோன்றுகிறது.

சுவரைத் தட்டிய அந்த ஆள் போன அன்றைக்கு எனக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரத்தான் முடிந்தது. மறுநாள் யோசித்தேன். தனியாக இருப்பது தெரிந்தால்தானே மறுபடி வருவார்? இந்த வீட்டில் ஒரு ஆம்பளை இருந்தால் வர மாட்டார். ஆம்பளைக்கு எங்கே போவது? எனக்குத் தெரிந்த வேலை, இல்லாத வீட்டை மேடையில் இருக்கிற வீடாகக் காட்டுவது. காலமெல்லாம் அதைத்தான் செய்திருக்கிறேன். கம்பெனி பெட்டியிலிருந்து ஒரு ஆளைக் கிளப்பிக்கொண்டு வந்தேன்.

அந்த ஷூ காவல்காரன் பாத்திரத்துக்கு உரியது. நாடகத்தில் அவனுக்கு ஒரு கால் ஊனம். அந்த வேஷம் போட்டவர் ஊர் ஊராக இழுத்து இழுத்து நடந்து குதிகாலைத் தேய்த்துவிட்டார். சிகரெட் பாதியில் நின்றதற்கு டாக்டர் காரணமில்லை, என் நெஞ்சு காரணம். பிரஷ் இடப்பக்கம் இருப்பது எதற்கு என்றால், குளியலறை ஜன்னல் அந்தப் பக்கம்தான். எட்டிப் பார்க்கிறவன் கண்ணில் படாவிட்டால் அதை எதற்கு வைப்பது? செய்தித்தாள், மீன் சுற்றி வந்தது. எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று நான் பார்க்கவில்லை. தலையணையும் முதுகுவலியும் என்னுடையவை.

உன் அண்ணன் சட்டைகள் என் அலமாரியில் இருக்கின்றன. அவற்றை எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம், செலவும் இல்லை. கையில் எடுத்துப் பார்த்தேன். இந்த வேலைக்கு அவருடைய சட்டையை அனுப்ப மனம் வரவில்லை.

நீ கண்டுபிடித்த ஆள் இவ்வளவுதான். இப்போது நான் தனியாகத்தான் இருக்கிறேன் என்பது உனக்குத் தெரிந்துவிட்டது. சுவரைத் தட்டிய ஆளை அனுப்பியது நீ என்றால், அவரிடம் சொல்லி அனுப்பு.

அண்ணி


ஏரி வீடு,
ஜூலை 8

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை மறுபடி சுற்றிப் பார்த்தேன். குளியலறை ஜன்னலுக்கு வெளியே போய் நின்றேன். பிரஷ் நன்றாகத் தெரிகிறது. நீங்கள் எழுதிய ஒவ்வொன்றும் பொருந்துகிறது. என் வாழ்நாளில் எழுதிய அறிக்கைகளில் முழுக்கத் தவறானது அந்த மார்ச் கடிதம்தான்.

வக்கீலுக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு டீ போட்டு எடுத்துக்கொண்டு பின்பக்கம் போகக் கதவைத் திறந்தேன். சத்தமே வரவில்லை.

அந்தக் கதவு தரையில் உரசும். அப்பா காலத்திலிருந்து உரசும். இப்போது உரசவில்லை. கீல்கள் புதிது. திருகாணிகளின் பள்ளங்கள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து நிற்கின்றன. வேலையை முடித்த பிறகும் உடனே கிளம்ப மனமில்லாதவர் செய்த வேலை அது. பழைய கனமான கதவு, அண்ணி. ஒருவர் தூக்கிப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் முடுக்க வேண்டும். ஒரு சட்டையும் ஒரு ஜோடி ஷூவும் கதவைப் பிடிக்காது.

மெக்கானிக்கிடம் கேட்டேன். “நான் தொடலைங்க. எனக்குத் தண்ணியில மிதக்கறது மட்டும்தான் வரும்,” என்றார்.

யார்?

சுவரைத் தட்டிய ஆளைப் பற்றி நான் ஒரு வரி எழுதியது எனக்கு அவரைத் தெரியாததால்தான். ஆனால் நீங்கள் சொன்னது சரி, நான் விசாரித்திருக்க வேண்டும். இப்போது விசாரிக்கிறேன்.

குட்டி


ஜூலை 20

குட்டிக்கு,

கதவைப் பிடித்தது நான். முடுக்கியது எங்கள் கம்பெனியில் விளக்கு போடுகிறவர்.

இடதுகைக்காரர் இல்லை. சிகரெட் வாசனையே ஆகாது. என்னைவிடக் குள்ளம். ஜூன் கடைசியில் ஒரு நாள் காலை பஸ்ஸில் வந்தார், கதவைப் பார்த்தார், “இது இப்படியேவா இருக்கு இத்தனை வருஷமா?” என்று கேட்டார், சரிசெய்தார், சாயங்கால பஸ்ஸில் போய்விட்டார். உன் அண்ணன் ஜன்னலில் உட்காரவில்லை. உட்காரச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை. படியில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

கட்டிக்கொள்ளலாமா என்று போன வருஷமே கேட்டுவிட்டார். நான் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, உன் அப்பா எழுதிய அந்த ஒற்றை வரி. அச்சகத்துக்கு மேலே, ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர் முகத்தில் இடிக்கிற அறையில்தான் வருஷத்தின் மிச்ச நாள்களில் நான் இருக்கிறேன். இயந்திரம் ஓடும்போது தட்டில் கரண்டி ஆடும். ஏரி வீட்டில் தூங்குகிற மாதிரி நான் வேறெங்கும் தூங்குவதில்லை. ஒரு மனுஷனையும் பாதி வீட்டையும் தராசில் வைத்து இத்தனை மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. அவர் ஒரு தடவைகூட வற்புறுத்தவில்லை. “வீடா நானான்னு கேக்க மாட்டேன். எப்ப சொல்வீங்கன்னு மட்டும் சொல்லுங்க, விளக்க அணைக்காம இருக்கேன்,” என்றார்.

போன வாரம் சரி என்று சொல்லிவிட்டேன். அக்டோபரில் பதிவுத் திருமணம். உனக்கு வக்கீல், வேலி, மெக்கானிக் எதுவும் வேண்டாம். நானே எழுதிக் கொடுக்கிறேன். என் பாதியும் இனி உன்னுடையது. செப்டம்பர் முறைக்கு நான் வரவில்லை.

இந்த உறைக்குள் என் சாவி இருக்கிறது. பெட்டிச் சாமான்கள் பின் அறையில் ஓரமாக இருக்கின்றன. காவல்காரன் ஷூவை மட்டும் கம்பெனிக்கு அனுப்பிவிடு, அடுத்த மாதம் நாடகம் இருக்கிறது.

அண்ணி


ஆகஸ்ட் 5

அண்ணிக்கு,

ஷூவை அனுப்பிவிட்டேன்.

போன வாரம் ஒரு கிடங்குச் சோதனை சீக்கிரம் முடிந்து மதியமே ஊரில் எங்கள் வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரரோடு ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். சிநேகிதர் என்றார். கிளம்பும்போது அந்த சிநேகிதர் எங்கள் வாசல் நிலையை மோதிர விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். “நல்ல கட்டு,” என்றார். பழக்க தோஷம். வீடு வாங்கி விற்கிற புரோக்கர்.

அவர் போனதும் கேட்டேன்.

“ஏரி வீட்டுக்கு ஜனவரியில இவர அனுப்பினது நீங்களா?”

“சும்மா விலை தெரிஞ்சு வச்சுக்கலாம்னு.”

“அங்க அண்ணி இருந்தாங்க.”

“இருந்தா என்ன? எப்படியும் ஒரு நாள் முழுசா உனக்குத்தான வரப்போவுது. கையில வந்ததும் தள்ளிவிட ஆள் ரெடியா இருக்க வேணாமா?”

மார்ச்சில் அந்த ஷரத்தை எனக்கு ஞாபகப்படுத்தியவர் அவர்தான். மெக்கானிக்கிடம் பேச்சுக் கொடுத்துப் பார் என்று சொல்லி அனுப்பியதும் அவர்தான். நான் அவர் எதிரில் உட்கார்ந்து உங்கள் செய்தித்தாளின் மடிப்பைப் பற்றிப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

நேற்று வக்கீலைப் பார்த்தேன். “அந்த ஷரத்தால லாபம் உங்களுக்குத்தான். எனக்கு வேணாம்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சுது,” என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. நீங்கள் யாரைக் கட்டிக்கொண்டாலும் உங்கள் பாதி உங்களுடையது. வேறொரு வக்கீலிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன்.

இதைப் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். முழு வீடும் என் பெயருக்கு வந்தால் அது ஒரு மாதம் தாங்காது. அவரிடம் ஒரு தடவை மாட்டேன் என்பேன், இரண்டு தடவை மாட்டேன் என்பேன், மூன்றாவது தடவை கையெழுத்துப் போடுவேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். இன்னொரு கையெழுத்தும் வேண்டும், அது உங்களுடையது என்றால் அவரால் வாங்க முடியாது. உங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் இது ஒன்றுதான் தப்பாகவில்லை.

எனக்கும் அங்கே நன்றாகத் தூக்கம் வருகிறது.

செப்டம்பர் உங்கள் முறை. விளக்கு போடுகிறவரையும் அழைத்து வாருங்கள். ஜன்னலோர நாற்காலியைப் பற்றி நான் எழுதியதை அவரிடம் சொல்ல வேண்டாம். பின் அறை அலமாரியைப் பூட்டியிருக்கிறேன், அதில் என் துணி இருக்கிறது. அவரை நினைத்துப் பூட்டவில்லை. நினைக்காமலும் பூட்டவில்லை.

நீங்கள் அனுப்பிய சாவி இனி அந்த வீட்டில் எதையும் திறக்காது. இதைப் படித்ததும் உங்கள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். மேலே படியுங்கள். நேற்று சாயங்காலம் ஆளை வைத்து முன்வாசல், பின்வாசல் இரண்டுக்கும் பூட்டை மாற்றினேன். இரண்டுக்கும் ஒரே சாவிதான். அதில் ஒன்று இந்த உறைக்குள் இருக்கிறது. இன்னொன்று என் ஆபீஸ் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. எங்கள் வீட்டில் வைக்கவில்லை.

குட்டி